எழுத்தாணி முதல் கைத்தொலைபேசி வரை



துவிச்சக்கர வண்டி ஒன்றைத் தலைகீழாக நிறுத்தி, அதன் மிதியைக் கையினாற் சுழற்றி வானொலி கேட்ட காலம் ஒன்று யாழ்ப்பாணத்தில் இருந்தது. 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதி முதல் பல ஆண்டுகள் குடாநாட்டுக்கு மின்சாரம் இருக்கவில்லை. பற்றரியோ தடை செய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. ஆயினும் செய்தி கேளாதிருக்க எம்மவரால் முடியவில்லை. முன்விளக்குக்கென அமைந்த டைனமோவிலிருந்து இரண்டு கம்பிகளை இழுத்து வானொலிப் பெட்டியிற் பொருத்தினோம். ஒருவர் மிதியைச் சுழற்றுவார். ஏனையோர் சூழ இருந்து கேட்பர். சுழற்றுபவரின் கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் ஓய்ந்துவிடும். அக்காலத்திற் பல்கலைக்கழக மாணவனாக இருந்த நான் எங்கள் ஒழுங்கையில் இவ்வாறு சக்கரம் சுழற்றியவர்களுள் ஒருவன். பி.பி.சி. தமிழோசை முடியும் வரைக்கும் மூவர் முறைவைத்துச் சுழற்றுவோம். முக்கியமான செய்தி வரும் வேளையிற் கை மாற்றுவது பெருங் குற்றமாகக் கருதப்பட்டது. அத்தகைய குற்றத்துக்காக நான் ஒருமுறை அயலிலுள்ள முதியவர் ஒருவரிடம் வசை வாங்கியதும் உண்டு.

அதே ஒழுங்கையில் இன்று கைத்தொலைபேசி இல்லாத வீடு இல்லை. ‘ரச் போன்’ என்று எங்கள் ஊர்ச் சிறுவர் அதனை அழைக்கின்றனர். அதனுள்ளே வானொலி இருக்கிறது. நிழற்படக் கருவி இருக்கிறது. ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. அச்சுக்கூடமும் நூல்நிலையமும் இருக்கின்றன என்றாலும் மிகையாகாது. இவ்வளவும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டபின், எங்கள் வாழ்வு முன்னையிலும் வளமுடையதாயிற்றா என்ற கேள்வி எழுகின்றது. பாடசாலை அதிபர் ஒருவரிடம் இக்கேள்வியைக் கேட்பது சற்று ஆபத்தானது. மாணவரின் புத்தகப் பைக்குள் ஒளிந்திருக்கும் தொலைபேசியைத் தேடிப் பிடிப்பதிலேயே என் காலத்தில் ஒரு பகுதி கழிந்திருக்கிறது. ஆயினும் சரித்திரம் படித்தவன் என்ற முறையில், இக்கருவியைத் தனியே வைத்து நோக்காமல், இந்த மண்ணுக்கு இதற்கு முன் வந்த கருவிகளின் வரிசையில் வைத்து நோக்க விரும்புகின்றேன்.

முதலில் எங்கள் சொந்தக் கருவியைச் சொல்லவேண்டும். அது பனை. பனங்குருத்தோலையை வெட்டி, நரம்பு நீக்கி, அவித்து, உலர்த்தி, மினுக்கி, ஓர் அளவாக நறுக்கி, துளையிட்டுக் கயிறு கோத்தால் ஏடு. அதில் எழுத்தாணியாற் கீறி, கரியும் எண்ணெயும் பூசித் துடைத்தால் எழுத்து. யாழ்ப்பாணத்து வைத்தியமும் சோதிடமும் இலக்கணமும் காணி உறுதியும் இவ்வாறு எழுதப்பட்டே தலைமுறை தலைமுறையாக வந்தன. ஏட்டில் எழுதியோர் மெய்யெழுத்துக்கும் புள்ளி இடுவதில்லை. எழுத்தாணியின் கூர் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும், பிளவுபடும். ஆகவே ‘க’ என்று எழுதியிருப்பதைக் ‘க’ என்று படிப்பதா ‘க்’ என்று படிப்பதா என்பதைப் படிப்பவனே தீர்மானித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எழுதும் கருவி மொழியின் உருவத்தையே மாற்றவல்லது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேறு வேண்டியதில்லை. இந்தப் புள்ளியை நேயர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அது இன்னும் இருமுறை வரும்.

ஏட்டின் ஆயுள் அதனைப் பெயர்த்தெழுதுவோரின் கையில் இருந்தது. நன்கு பேணப்பட்ட ஓலை இரண்டு மூன்று நூற்றாண்டு இருக்கும்; பேணாவிடிற் செல்லும் பூச்சியும் அரித்துவிடும். ஒரு நூலைப் பெயர்த்தெழுத ஒருவருமில்லாது போனால் அந்நூல் இறந்தது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) இதனைத் தம் கண்ணாற் கண்டவர். தென்னாடெங்கும் ஏடு தேடி, தொட்ட இடம் உதிரும் சுவடிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1881இல் வீரசோழியத்தையும் 1887இற் கலித்தொகையையும் அவர் அச்சேற்றினார். அவர் செய்த தொண்டைப் பதிப்பு என்று சொல்லுகின்றோம். அதன் அடிப்படையோ மிக எளியது: ஓரிடத்தில் ஒன்றாக இருந்ததைப் பல இடங்களிற் பலவாக இருக்கச் செய்தார். ஒரு வீட்டிற் கூரை ஒழுகினாலும், ஒரு பெட்டியிற் செல் புகுந்தாலும் நூல் அழியாது.

அச்சியந்திரம் யாழ்ப்பாணத்துக்கு வந்த கதையில் ஒரு வேடிக்கை உண்டு. 1820இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஜேம்ஸ் கரற் என்னும் அச்சுத் தொழிலாளர் இங்கே வந்து சேர்ந்தார். அக்காலத்தில் இலங்கையை ஆண்ட எட்வேட் பாண்ஸ் அவரை நாட்டில் தங்க விடவில்லை. மேலும் அமெரிக்கர் வருவதை அரசு விரும்பாமையே காரணம். அச்சுத் தெரிந்தவர் வெளியேறினார். அமெரிக்க மிஷன் தன் அச்சகத்துக்காக மேலும் பத்தாண்டுக்கு மேலாகக் காத்திருக்க நேர்ந்தது. 1830களில் மானிப்பாயில் மிஷன் அச்சகம் இயங்கத் தொடங்கியது. 1841இல் தமிழிலும் ஆங்கிலத்திலும் ‘உதயதாரகை’ என்னும் பத்திரிகை வெளிவந்தது. சமயம் பரப்பவே அக்கருவி கொண்டுவரப்பட்டது. ஆனால் எட்டே ஆண்டுகளில், 1849இல், நல்லூர் ஆறுமுக நாவலர் சென்னையிலிருந்து அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். மிஷனரிமாருக்கு விடையிறுக்கவும் சைவப் பிள்ளைகளுக்குப் பாலபாடம் வழங்கவும் அதே கருவியை அவர் பயன்படுத்தினார். கருவிக்குச் சமயமில்லை என்பதை அவர் கண்டுகொண்டார்.

கரற் அவர்களைத் திருப்பி அனுப்பிய பாண்ஸை நான் எளிதாகக் குறை கூறிவிடலாம். ஆனால் மாணவரின் கைத்தொலைபேசியைப் பறித்து மேசை இழுப்பறைக்குட் பூட்டும்போதெல்லாம் அந்தத் தேசாதிபதி என் தோளுக்குப் பின்னே நிற்பதுபோல ஓர் எண்ணம் எனக்கு ஏற்படுவதுண்டு.

இனி, யாழ்ப்பாணத்தார் பலர் அறியாத ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன். இன்று கைத்தொலைபேசியில் விரலால் தமிழ் எழுதுகின்ற ஒவ்வொருவருக்கும் அவர் ஒருவகையில் முன்னோராவார். அவர் பெயர் ஆர். முத்தையா. 1886இல் யாழ்ப்பாணத்துச் சுண்டுக்குளியிற் பிறந்தவர். எம்மவர் பலரைப் போல இளமையிலேயே மலாயா நாட்டுக்குக் கப்பலேறி, சிங்கப்பூரில் வணிக நிலையம் ஒன்றிற் பணிபுரிந்தார். அலுவலகங்களில் ஆங்கிலத் தட்டச்சுப் பொறி ஓயாது ஒலித்த காலம் அது. ஆங்கிலத்துக்கு எழுத்து இருபத்தாறு. தமிழுக்கோ உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என 247. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு விசை வைத்தால் அப்பொறி ஓர் ஆர்மோனியத்திலும் பெரிதாகிவிடும். அதிலே தட்டுவோனுக்குப் பத்து விரல் போதா.

முத்தையா தமிழ் எழுத்துக்களைப் பிரித்துப் பார்த்தார். கால், கொம்பு, இணைக்கொம்பு என்பன தனியே நிற்கும் குறிகள். அவற்றுக்குத் தனி விசை போதும். உகர ஊகார எழுத்துக்களோ மெய்க்கு மெய் வடிவு மாறுவன. அவற்றுக்கு வேறு வழியில்லை, தனித்தனி இடம் கொடுத்தேயாக வேண்டும். எஞ்சியவை மேலே ஏறி நிற்கும் விசிறியும் புள்ளியும். இவை எழுத்தின் தலைமேல் அமரவேண்டும், பக்கத்திலே விழக்கூடாது. சாதாரணப் பொறியில் விசையைத் தட்டியவுடன் தாள் ஓர் இடம் நகர்ந்துவிடும். எனவே அவர் ‘நகரா விசை’யை அமைத்தார். புள்ளி விசையைத் தட்டினாற் புள்ளி பதியும், தாள் நகராது. அதே இடத்திற் ‘க’வைத் தட்டினால், முன்பே காத்திருக்கும் புள்ளியின் கீழே ‘க’ வந்து அமரும், ‘க்’ பிறக்கும். முதலாம் உலகப் போருக்குப் பின் அவருடைய திட்டப்படி தமிழ்த் தட்டச்சுப் பொறிகள் ஜெர்மனியிற் செய்விக்கப்பட்டன. ஓலை துளைபடும் என்று அஞ்சி ஏட்டெழுத்தாளர் விட்ட புள்ளி, சுண்டுக்குளி மைந்தரின் பொறியில் எழுத்துக்கு முன்னே சென்று காத்து நின்றது.

தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று அவரைப் போற்றுவர். என் பாடசாலை மாணவரிடம் அவர் பெயரைக் கேட்டபோது ஒருவருக்கும் தெரியவில்லை. அது பற்றி நான் அவர்களைக் குறை கூறவில்லை. எனக்கே நாற்பது வயதுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

தட்டச்சு வந்தபின் பொதுமக்கள் வாழ்வு எவ்வாறு மாறிற்று? அலுவலகக் கடிதமும் சங்கத்து அறிக்கையும் தமிழில் வந்தன. இடையே கரித்தாள் வைத்தால் ஒரு தட்டலில் மூன்று பிரதி கிடைத்தது. ஆயினும் அந்தப் பொறி விலையுயர்ந்தது; அதனைத் தொழிலாகக் கொண்டோரிடமே இருந்தது. அச்சகமும் அவ்வாறே. வானொலி வந்தது, அது கேட்பவருக்குப் பெருவிருந்து. ஆயினும் கேட்கின்றவர் பேச முடியாது. எழுதுவோரும் பேசுவோரும் சிலராகவும், படிப்போரும் கேட்போரும் பலராகவுமே இருந்தனர். இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை 1981இல் நாங்கள் உணர்ந்தோம்.

க. மு. செல்லப்பா தம் இல்லத்திலே 1933இல் தொடங்கிய சிறு வாசிகசாலையே யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் விதை. 1959இல் அதன் அழகிய கட்டடம் திறந்துவைக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி நள்ளிரவையடுத்து அது எரிக்கப்பட்டது. அழிந்த நூல்கள் ஏறத்தாழ 97,000. சம்பத்திரிசியார் கல்லூரி மாடியிலிருந்து அத்தீயைக் கண்ட தாவீது அடிகளார் என்னும் பன்மொழிப் புலவர் அந்த அதிர்ச்சியிலேயே உயிர் நீத்தார். நான் அப்போது சிறுவன். மறுநாள் பெரியவர்கள் உரத்துப் பேசவில்லை என்பது மட்டும் நினைவில் இருக்கிறது.

பின்னர் ஆண்டுகள் பல சென்றபின், எரிந்தவற்றுள் எவை திரும்பி வந்தன, எவை வரவில்லை என்று பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அச்சேறி ஊரெங்கும் பரவிய நூல்கள் திரும்பிவிட்டன. ஒருவர் வீட்டு அலுமாரியிலிருந்தோ, சென்னையிலிருந்தோ, இலண்டனிலிருந்தோ அவை கிடைத்தன. திரும்பாதவை ஒற்றைப் பிரதியாய் இருந்த ஏடுகளும் கையெழுத்துக்களுமே. தாமோதரம்பிள்ளை எதனைக் கண்டு அஞ்சினாரோ அதுவே நிகழ்ந்தது.

அதன்பின் வந்த போர்க்காலத்திலே பிரதி செய்வதற்குத் தாளும் இல்லாது போயிற்று. நாளேடுகள் பள்ளிக் கொப்பித் தாளில் அச்சாயின. தொலைபேசி என்பது கதையாகிவிட்டது. வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் குரலைக் கேட்க விரும்பிய பெற்றோர் கிளாலிக் கடலை இரவிலே படகிற் கடந்து, வவுனியா ஊடாகக் கொழும்புக்குச் சென்று, விடுதி ஒன்றிலே தங்கி, குறித்த நாளில் வரும் அழைப்புக்குக் காத்திருந்தனர். என் பெரியம்மா ஒருவர் அவ்வாறு சென்றார். பிரான்சிலிருந்து மகன் அழைத்தான். பத்து நிமிடம். பெரியம்மா பேசியது, “தம்பி, சாப்பிட்டியா?” என்ற ஒரு வசனம் மட்டுமே, எஞ்சிய நேரமெல்லாம் அழுகை. திரும்பி வந்தபின் அவரைச் சூழ்ந்து கொண்டோம். “அவன்ரை குரல் தடிச்சுப் போச்சுது” என்றார். அந்த ஒரு செய்திக்காகவே அவர் கடல் கடந்து போய் வந்தார்.

2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னரே குடாநாட்டிற் கைத்தொலைபேசி பரவத் தொடங்கியது. அது பேசுவதற்கு மட்டுமான சிறு கருவி. நான் இங்கே எடுத்துக்கொண்ட பெரிய கருவி, 2009இற் போர் முடிந்தபின் மெல்ல மெல்ல வந்தது. அது வருமுன்பே தமிழ் அதற்கு ஆயத்தமாகியிருந்தமை எம் நற்பேறு. உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் யூனிகோட் முறையிலே 1991இலேயே தமிழுக்கும் இடம் கிடைத்துவிட்டது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 2005இற் ‘செல்லினம்’ என்னும் செயலியைச் சிங்கப்பூரில் வெளியிட்டு, கைத்தொலைபேசியிலே தமிழ் எழுத வழிசெய்தார். முத்தையா தமிழ்த் தட்டச்சை உருவாக்கிய அதே நகரம் என்பதைக் காண்க. இங்கே புள்ளி மூன்றாம் முறையாக வருகின்றது. முத்தையாவின் பொறியிற் புள்ளி முன், எழுத்துப் பின். கைத்தொலைபேசியில் எழுத்து முன், புள்ளி பின். கொம்பும் அவ்வாறே: ‘கெ’ என எழுதுவதற்குக் ககரத்தை முதலில் அழுத்தவேண்டும், கொம்பு தானே முன்னாலே சென்று நின்றுகொள்ளும். நாவிற் பிறக்கும் முறையும் விரலிற் பிறக்கும் முறையும் ஒன்றாயின. 2017 முதல், பேசினாலே தமிழ் எழுத்தாக விழும் வசதியும் பரவியது. எழுத்தறியாத ஆச்சி ஒருவர் பேசப் பேசத் தம் பேச்சு வரிவரியாக ஓடுவதைக் கண்டு, “உது என்னைப் பாத்து எழுதுதோ?” என்று பேத்தியிடம் கேட்டதை நான் அருகிருந்து கேட்டேன். யாழ்ப்பாணப் பேச்சு வழக்கிலே அக்கருவி பல இடங்களில் இடறுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்போது அது எழுதுவதைப் படித்தால் நல்ல நகைச்சுவை.

இதே காலத்தில் யாழ்ப்பாணத்து மைந்தர் வேறு இரண்டு பெருங் காரியங்களைத் தொடங்கியிருந்தனர். வண்ணார்பண்ணையிற் பிறந்து, வளைகுடா நாட்டிலே கட்டடக்கலைஞராகப் பணியாற்றிய இ. மயூரநாதன், 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவிலே கட்டுரைகளை எழுதத் தொடங்கி அதனை வளர்த்தெடுத்தார். அலுவலகம் விட்டு வந்த பின்னர் இரவிலே எழுதிய எழுத்து அது. 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருது அவருக்கு வழங்கப்பட்டது. மற்றையது 2005இல் தன்னார்வலர் தொடங்கிய நூலகத் திட்டம். பழைய நூல்கள், சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள் என்பவற்றை மின்வடிவிற் பிரதி செய்து, எவரும் கட்டணமின்றிப் படிக்கும்படி இணையத்தில் இடுவதே அதன் பணி. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளில் வெளியிடப்படும் கல்வெட்டு என்னும் நினைவு மலர்களைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை. அவற்றையெல்லாம் எதற்காகச் சேர்க்கிறார்கள் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. பின்னர் ஓர் ஊரின் வரலாற்றை எழுத முற்பட்டபோது, அந்த ஊரின் வாய்க்காலையும் வாசிகசாலையையும் அமைத்தவர் எவர் என்பது அத்தகைய கல்வெட்டு ஒன்றிலே கிடைத்தது. அதனைப் பேருந்திலே பயணஞ் செய்தபடி என் கைத்தொலைபேசியிற் படித்தேன். 1981இன் சாம்பலுக்கு இதனினும் பொருத்தமான விடை வேறு இல்லையென்றே தோன்றிற்று.

ஆனால் நேயர்களே, கருவியைப் புகழ்ந்து மட்டும் பேசினால் நான் நேர்மையற்றவனாவேன். 2020 மார்ச்சில் நோய்த்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது கைத்தொலைபேசியே பாடசாலையாயிற்று. ஆசிரியர்கள் கரும்பலகைக்குப் பதிலாக வட்ஸ்அப்பிலே பாடக்குறிப்பை அனுப்பினர். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு தொலைபேசி. அதனையும் தந்தையார் காலையிலே தொழிலுக்குக் கொண்டு சென்றுவிடுவார். பிள்ளைகள் இரவு எட்டு மணிக்குப்பின் முறைவைத்துப் படித்தனர். எங்கள் சைக்கிள் டைனமோவின் முறைவைப்பு எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் நாங்கள் ஒன்றாகக் கேட்டோம், இவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காத்திருந்தனர். தொலைபேசியே இல்லாத பிள்ளை அந்த ஆண்டுகளில் இழந்ததை இன்றுவரை ஈடுசெய்ய முடியவில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் விலை ஏறியபோது இந்த இடைவெளி இன்னும் அகன்றது. தொலைபேசி உள்ள பிள்ளைகளிலும் பலர் விடிய விடியப் பிறர் ஆடும் ஆட்டத்தைப் பார்த்துக் கண்சிவந்து வகுப்பில் உறங்குகின்றனர். முன்னே வானொலியைச் சொன்னேன்: கேட்பவர் பேச முடியாது என்று. இங்கே பேச முடிந்தும் பேசாமல் இருக்கின்றனர்.

ஆகவே என் பாடசாலையில் ஒரு சிறு முயற்சி செய்தேன். தொலைபேசியைப் பாடசாலைக்குக் கொண்டுவரக் கூடாது என்ற விதியை நான் தளர்த்தவில்லை. பத்தாம் வகுப்பு வரலாற்று மாணவரிடம், “உங்கள் வீட்டிலோ அயலிலோ ஆக மூத்தவர் எவரோ அவரிடம் அரை மணி நேரம் கதை கேளுங்கள், அதை வீட்டுப் போனிலே பதிவு செய்யுங்கள், பின்பு கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள்” என்று சொன்னேன். போன் இல்லாதவர் இருப்பவரோடு சேர்ந்துகொள்ளலாம். பாதிப் பேராவது செய்தாற் போதும் என்று எண்ணியிருந்தேன்.

வந்தவற்றைப் பார்த்து வியந்தேன். துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்த கதையை ஒருவன் கொண்டுவந்தான். துலாவில் ஏறி நடந்தவர் எத்தனை பேர், பட்டையைப் பிடித்தவர் எங்கே நின்றார், தண்ணீர் கட்டுபவர் எவ்வாறு குரல் கொடுத்தார் என்று எல்லாம் அதில் இருந்தது. மொட்டைக்கறுப்பன் நெல்லின் மணத்தைப் பற்றி ஒரு முதியவர் பதினைந்து நிமிடம் பேசியிருந்தார். நெல்லின் மணத்தைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசலாம் என்பதே எனக்குப் புதிது. ஒரு மாணவி தன் தாயார் பனாட்டுப் போடுவதை முதல்நாள் பழம் பிசைவதிலிருந்து பாயிலே காயவைத்து உரித்தெடுப்பது வரைக்கும் படம் பிடித்து, தானே குரல் கொடுத்து, ஏழு நிமிடக் காட்சியாக்கியிருந்தாள். படிப்பிலே கடைசி வாங்கில் இருப்பவள் அவள். எந்த இடத்திற் காட்சியை வெட்டவேண்டும், எந்த இடத்தில் தாயாரின் கையை மட்டும் காட்டவேண்டும் என்பதை அவளுக்கு எவரும் கற்பிக்கவில்லை. என் முப்பது ஆண்டுப் பணியில் அவளுடைய கட்டுரை ஒன்றுக்கும் நான் இட்டிராத புள்ளியை அதற்கு இட்டேன்.

வேறோர் ஆசிரியரும் தம் அநுபவத்தைச் சொன்னார். அவருடைய உறவினர் ஒருவர் செவிப்புலன் அற்றவர். தொலைபேசி என்னும் கருவி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அவரைப் போன்றோருக்கு ஒன்றுமே தரவில்லை. இப்போது அவர் கைத்தொலைபேசியைச் சாளரத்திலே சாய்த்து வைத்துவிட்டுக் கண்டியிலுள்ள நண்பரோடு சைகை மொழியில் மணிக்கணக்காகப் பேசுகிறாராம். இதனை யான் எண்ணியும் பார்த்ததில்லை.

இனி, எனக்கு மனத்திலே தைத்த ஒன்றைச் சொல்லி முடிக்கின்றேன். அதே வகுப்பிலே ஒரு மாணவன். அவனுடைய ஆச்சிக்கு எண்பத்தேழு வயது. அருவி வெட்டும்போது பாடும் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் அவருக்கு வாய்ப்பாடம். மூன்று மாலைப் பொழுதுகள் அவன் அவர் அருகே இருந்து பதிவு செய்தான். முதல் நாள் ஆச்சி வெட்கப்பட்டார். மூன்றாம் நாள், “எங்கை உன்ரை போன், இன்னும் ஒண்டு நினைவு வந்திட்டுது” என்று அவரே அழைத்தாராம். கார்த்திகை மாத மழையில் ஆச்சி காலமானார். அடுத்த சில வாரங்களில் அவனுடைய போன் பழுதுபட்டது. திருத்தக் கொடுத்தார்கள். திருத்தியவர் உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர்மேற் குற்றமில்லை, உள்ளே இருந்தது என்னவென்று எவரும் அவருக்குச் சொல்லவில்லை. கொப்பியிலும் எழுதி முடிக்கப்படவில்லை.

அவன் என் அறை வாசலில் வந்து நின்று, “சேர், ஆச்சி போட்டா. பாட்டும் போட்டுது” என்றான். நான் அவனுக்கு என்ன சொல்வதென்று அறியாமல் இருந்தேன். ஓலை முந்நூறு ஆண்டு தாங்கியது. அச்சு அதற்கு மேலும் தாங்கும். இந்தக் கருவியோ நான்கு ஆண்டும் தாங்குவதில்லை; பிரதி செய்ய இதனைப்போல் எளிதான கருவி உலகத்தில் இருந்ததில்லை, பிரதி செய்யாவிடின் இதனைப்போல் எளிதாக இழப்பதும் இருந்ததில்லை. தாமோதரம்பிள்ளையைப் பற்றி வகுப்பிலே அத்தனை முறை பேசிய நான், “பதிவு செய்ததை இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்” என்ற ஒரு வசனத்தை அந்த மாணவருக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவன் மீண்டும் வந்தான். கனடாவிலுள்ள அவனுடைய மாமி, ஆச்சியின் நினைவு நாளையொட்டித் தம் போனிலே பழைய செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவன் அந்த மூன்றாம் மாலையில் விளையாட்டாக அவருக்கு அனுப்பிய ஒரு துண்டு கிடைத்ததாம். நான்கு நிமிடம். அருவி வெட்டுப் பாட்டு ஒன்று. அலுவலகத்திலே கதவைச் சாத்திவிட்டு இருவரும் கேட்டோம். இடையே ஒரு சேவல் கூவுகிறது. ஆச்சி பாட்டை நிறுத்தி அதனை ஏசுகிறார். பின்பு விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறார். இப்போது அது பாடசாலைக் கணினியில் இருக்கிறது, என் போனில் இருக்கிறது, அவனுடைய தங்கையின் போனிலும் இருக்கிறது. அதனை ஏழெட்டு முறை கேட்டுக் கொப்பியிலே பெயர்த்தெழுதி முடித்தோம். இரண்டு சொற்கள் மட்டும் எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை. வயலிற் செய்யும் ஏதோ ஒரு வேலையின் பெயராக இருக்கவேண்டும். அப்பாட்டை அறிந்த மூதாட்டி ஒருவர் புத்தூர்ப் பக்கம் இருப்பதாகச் சொல்கிறார்கள். வருகின்ற சனிக்கிழமை அவனும் நானும் அங்கே போக இருக்கிறோம்.